அரைக் கட்டை இறக்கம்

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் நீதிமன்றமாக இருந்தது. நீதிமன்றம் வேறு இடத்துக்குக் குடிபோன பிறகு, அதன் கல் சுவரும் உயர்ந்த கூரையும் பாட்டுக்குத் தோதாக எதிரொலிக்கின்றன என்று யாரோ கண்டுபிடித்து, கச்சேரி அரங்காக மாற்றிவிட்டார்கள். நீதிபதி உட்கார்ந்த மேடையில் இப்போது பாடகர்கள் நிற்பார்கள். விசாரணைக் கைதிகளைக் காக்க வைத்த அறைதான் ஒப்பனை அறை. ஜன்னல் கம்பிகளை மட்டும் யாரும் கழற்றவில்லை.

“நமக்குன்னே கட்டி வெச்ச ரூம்” என்றார் லிஃப்ட், கறுப்புச் சட்டையின் மேல் பொத்தானோடு மல்லுக்கட்டியபடி. “தப்பாப் பாடினா வெளிய விடவே வேண்டாம். அப்படியே பூட்டிட்டுப் போயிடலாம்.”

பாடகி சிரித்தாள். சிரித்ததும் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. உடையின் உயர்ந்த கழுத்துப்பட்டைக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. தைராய்டுக்காகக் கத்தி வைத்த இடம்.

லிஃப்ட் என்பது அவருக்குச் சேர்ந்திசைக் குழு வைத்த பெயர். பகலில் அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அவருடைய பேஸ் குரல். வாத்தியத் துணை இல்லாமல் பாடும்போது அவர் சுருதி ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்கும். குழுவிலேயே அடிக்குரல் அவருடையது. அஸ்திவாரம் அமிழ்ந்தால் மாடி மட்டும் எங்கே நிற்கும்? மற்றப் பதினொரு பேரும் சேர்ந்தே இறங்குவார்கள். “உங்க கம்பெனியில ஏத்துற வேலையே எடுக்கிறதில்லையா?” என்று குழுவை நடத்தும் மாஸ்டர் கேட்காத ஒத்திகை கிடையாது. பாட்டின் நடுவில் வாயால் சொல்ல முடியாது என்பதால், மாஸ்டர் இடது கை ஆள்காட்டி விரலை அவரை நோக்கி மேலே உயர்த்திக் காட்டுவார். ஏறு, ஏறு என்று அர்த்தம். எத்தனையோ கச்சேரிகளில் அந்த விரலைப் பார்த்துப் பார்த்து, தனக்கு அது கனவிலும் வருவதாக லிஃப்ட் சொல்வார்.

“இன்னிக்கு அந்த விரலுக்கு வேலையே இல்ல” என்றார் இப்போது. “ஒரு நூல் இறங்க மாட்டேன். பந்தயம் கட்டுறீங்களா?”

“எதுக்கு இவ்வளவு ரோஷம்?”

“எங்க மச்சான் வந்திருக்கார். மூணாவது வரிசை. போன கச்சேரி முடிஞ்சதும் எல்லாரும் நிக்கிறப்போ, ‘என்ன மாப்ள, பேஸ்மென்ட் வந்துடுச்சா?’ன்னு கேட்டார். அன்னிக்கு ராத்திரி என் பொண்டாட்டி சிரிச்ச சிரிப்பு இருக்கே, அது இன்னும் என் காதுல இருக்கு.”

அந்தச் சிரிப்புதான் அவரை மாற்றியது. வேலைக்குப் போகும் கட்டடங்களில், லிஃப்ட் ஓடும் குழிக்குள் நின்றுகொண்டு, போனில் ஒரே சுருதியை ஓடவிட்டு, அதை விட்டு விலகாமல் பாடிப் பழகினார். மாதக்கணக்காக. ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் பேய் முனகுகிறது என்று புகாரே எழுதிக் கொடுத்தார்களாம். புகாரை விசாரிக்க அனுப்பப்பட்டவரும் அவரேதான்.

பாடகி வேறு ஒரு காரணத்துக்காகப் பழகிக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சைக்கு முன் அவள் மேடைக்கு மேடை தனிக்குரலாகப் பாடியவள். பெரிய சேர்ந்திசைகளிலும், பழங்கால இசைக் கச்சேரிகளிலும் அவள் பெயரைப் பார்த்து வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. பிறகு ஒரு பருவம் முழுக்கக் கிசுகிசுப்புதான் வந்தது. கடைக்காரரிடம் விரலால் காட்டிக் காய்கறி வாங்கினாள். குரல் திரும்பியபோது கீழிருந்து ஒவ்வொரு சுரமாகத் திரும்பியது. உச்சிக்கு வந்ததும் நின்றுவிட்டது. இன்று அவள் பாட வேண்டிய தனிப் பகுதியின் உச்ச சுரம் எதுவோ, அதுதான் அவள் குரலின் இன்றைய எல்லை. அதற்கு மேல் அரைக் கட்டைகூடக் கிடையாது. வீட்டில் பலமுறை முயன்று பார்த்தாயிற்று. அங்கே வெறும் காற்றுதான் வந்தது.

குழுவில் அந்தப் பகுதியைப் பாட, பெண்களின் மேல்குரல் பாடும் இளம் சொப்ரானோ ஒருத்தி தயாராக இருந்தாள். நன்றாகவும் பாடுவாள். “இடம் இருக்கட்டும். ஆள் வரட்டும்” என்று மாஸ்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவள் இல்லாத நாட்களில் குழுவின் வரிசையில் அவள் நிற்கும் இடத்தைக் காலியாகவே விட்டுப் பாடினார்கள் என்று அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த இடத்துக்கு இன்று அவள் பதில் சொல்ல வேண்டும். கிளம்பும்போது கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

“இன்னிக்குக் குரல் உடைஞ்சா இதோட மேடையை விட்டுடறேன். வீட்டோட இருந்துக்கிறேன்.”

“உடைஞ்சா ஒட்டிக்கலாம். முதல்ல செருப்ப மாத்து, ஒண்ணு ஒண்ணு வேற மாதிரி போட்டிருக்க” என்றார் அவர்.

குழுவுக்குச் சுருதி கொடுப்பதும் அவள் வேலைதான். டியூனிங் ஃபோர்க் என்கிற இசைக்கவையை முழங்கையில் தட்டி, காதருகே வைத்து, தனக்கு மட்டும் கேட்கும்படி வாங்கி, மெல்ல முனகிக் காட்டுவாள். அதிலிருந்து மற்றவர்கள் தத்தம் சுரத்தை எடுத்துக்கொள்வார்கள். அவள் இல்லாதபோது போன் செயலியை வைத்துச் சமாளித்தார்கள். இன்று மறுபடியும் அவள்.

இன்றைய கச்சேரிக்கு இரண்டு கவைகள். முதல் பாதியில் இக்காலச் சேர்ந்திசைப் பாடல்கள். அவற்றுக்கு இன்றைய சுருதி. இரண்டாம் பாதியில் பழங்கால இசை; கூட வாசிப்பவை ஒரு சின்ன ஆர்கனும் வயோல்களும். வயலினுக்குப் பெரியம்மா முறை ஆகிற அந்த வயோல்களுக்குக் குடல் தந்தி. அவற்றின் சுருதி இன்றையதைவிட அரைக் கட்டை கீழே. இழுத்து ஏற்றினால் தந்தி அறுந்துவிடும். இரண்டு கவைகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அடையாளத்துக்குப் பழைய சுருதிக் கவையின் காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தாள். போன வாரம்தான் மாஸ்டர், “மேடையில எல்லாரும் கறுப்பு. உங்க கையில மட்டும் சிவப்பா என்னமோ தொங்குது” என்றார். நூலை அவிழ்த்துவிட்டாள். காம்பில் எண் பொறித்திருக்கிறதே, பார்த்துக்கொண்டால் போயிற்று.

எண்ணைப் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். அது கைப்பையில் இருந்தது.

முதல் பாதி குறையில்லாமல் போயிற்று. இடைவேளையில் இரண்டு கவைகளையும் மேசையில் வைத்துவிட்டு வெந்நீர் குடித்தாள். கண்ணாடியை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது மணி அடித்தது. வாசலில் லிஃப்ட் நெஞ்சை நிமிர்த்தி நின்று, “முதல் பாதியில ஒரு நூல் இறங்கினேனா? நீங்களே சொல்லுங்க!” என்றார். அவள் சிரித்துக்கொண்டே ஒரு கவையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இரண்டாம் பாதியின் தொடக்கம், யார் எழுதியது என்றே தெரியாத ஒரு பழைய லத்தீன் நன்றிப் பாட்டு. மூன்று சரணங்கள் வெறும் குரல்கள். நான்காவதில் மற்றவர்கள் தாழ்ந்த குரலில் ரீங்காரம் பிடிக்க, பாடகி தனியாகப் பாடுவாள். அவள் கடைசி வரியின் மேல் வயோல்கள் வந்து சேரும். இந்தப் பாட்டு மௌனத்திலிருந்து எழ வேண்டும் என்பது மாஸ்டரின் ஆசை. அதனால் வயோல்காரர்கள் உள்ளேயே சுருதி சேர்த்துக்கொண்டு வந்து, வில்லை மடியில் வைத்துச் சிலைபோல உட்கார்ந்திருந்தார்கள்.

பாடகி கவையைத் தட்டினாள். முனகினாள். மாஸ்டர் கையை உயர்த்தினார்.

முதல் வரியிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. ஒத்திகைகளில் அந்த முதல் சுரம் நாற்காலியில் உட்கார்வதுபோல நெஞ்சில் வந்து உட்காரும். இன்று நுனிக்காலில் நின்றது. பதற்றமாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது வரியில், வயோல்காரர்களில் மூத்தவர் குனிந்திருந்த தலையை நிமிர்த்தி, புருவத்தைச் சுருக்கி, தன் வாத்தியத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் கை உடையின் பைக்குள் போய்க் கவையைத் தொட்டது. தொட்டுப் பார்த்து என்ன ஆகப்போகிறது? நாக்கில் இருந்தது லத்தீன், மனதில் ஓடியது கணக்கு. இது இன்றைய சுருதிக் கவை; அரைக் கட்டை மேலே ஆரம்பித்தாயிற்று. அப்படியென்றால் உச்ச சுரமும் அரைக் கட்டை மேலே, வெறும் காற்று வரும் இடத்தில். அதைத் தாண்டினாலும், அடுத்த வரியில் வயோல்கள் அரைக் கட்டை கீழே வந்து நிற்கும். மூன்று சரணம் முடிந்ததும் அரங்கம் முழுக்கக் கேட்கப்போகிற அந்த உரசலை அவள் இப்போதே பல்லில் உணர்ந்தாள்.

பக்கத்தில் ஆர்கன் முன் உட்கார்ந்திருந்தவள் தன் விசைப்பலகையை ஓசையில்லாமல் அரைக் கட்டை மேலே நகர்த்தப் போனாள். அவள் வாத்தியத்தில் அந்த வசதி உண்டு. பிறகு வயோல்களைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். ஒருத்தி மட்டும் ஏறி என்ன பயன்?

நிறுத்துங்கள் மாஸ்டர், என்று பாடகி மனதுக்குள் கெஞ்சினாள். நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். நடக்காததா? மாஸ்டரின் வலது கை ஒரு கணம் தயங்கியது. பிறகு தாளம் தவறாமல் தொடர்ந்தது. முகத்தில் மேடைப் புன்னகை அப்படியே இருந்தது. முதல் சரணம் முடிந்தது. அவர் வழக்கத்தைவிட நீண்ட மூச்சு எடுத்தார். அந்த மௌனத்தில் லிஃப்டை நேராகப் பார்த்து, இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினார்.

விரல் கீழே காட்டியது.

லிஃப்டின் முகம் போன போக்கு அவளுக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. முதலில் திகைப்பு. ‘நான் இறங்கவே இல்லையே!’ என்கிற அநியாயம் பொறுக்காத பார்வை. பிறகு மாஸ்டரின் கண் வயோல்கள் பக்கம் போவதைப் பார்த்தார். வயோல் பெரியவரின் புருவத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளுடைய முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். புரிந்துகொண்டார்.

புரிந்துகொண்ட பிறகும் ஒரு நொடி அவர் கண் மூன்றாவது வரிசைக்குப் போய்வந்தது. மச்சான் கைகளைக் கட்டிக்கொண்டு, காதை இந்தப் பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது சரணத்தில் லிஃப்ட் இறங்க ஆரம்பித்தார்.

ஒருமுறை தேநீர் இடைவேளையில் அவர் தன் தொழிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். “ஏத்தறது மோட்டார் வேலைங்க. இறக்கறதுதான் வித்தை. உள்ள நிக்கறவங்க கையில டீ இருந்தா சிந்தக் கூடாது.” எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். இப்போது அவள் அந்த லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். எந்தச் சுரத்தில் இறங்கினார் என்று சொல்லவே முடியவில்லை. ஒரு நீண்ட சுரத்தின் கடைசியில் மயிரிழை. கீழே போகும் ஒரு தாவலில் இன்னொரு மயிரிழை. ஆண்களின் மேல்குரல் பாடும் டெனர்கள் தங்களை அறியாமலே அவரோடு போனார்கள், வழக்கம்தானே. பெண்களின் கீழ்க்குரல் பாடும் ஆல்டோக்களில் ஒருத்திக்கு விஷயம் புரிந்து, கண்ணை மூடிக்கொண்டு அவர் குரலின் மேல் சாய்ந்தாள். இளம் சொப்ரானோ மட்டும் முதலில் மேலேயே பிடிவாதமாக நின்றாள்; அவளுக்குச் சுருதி சுத்தம் அதிகம். பாடகி தன் தோளால் அவள் தோளை மெல்லத் தொட்டாள். வா. அவளும் வந்தாள்.

இத்தனை வருடம் எந்த ஒன்றுக்காகத் திட்டு வாங்கினார்களோ, அதையே பன்னிரண்டு பேரும் சேர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கவனமாகச் செய்தார்கள். சரணத்துக்குச் சரணம் மாஸ்டர் மௌனத்தை நீட்டினார், கேட்பவர்களின் காது பழையதை மறக்கட்டும் என்று. மூன்றாவது சரணத்தின் நடுவில் பாடகிக்கு அந்த நாற்காலி தட்டுப்பட்டது. இன்னும் முழுதாக உட்கார முடியவில்லை. ஆனால் கால் தரையில் பட்டுவிட்டது.

மற்றவர்கள் ரீங்காரத்துக்குப் போனார்கள். அவள் முறை.

அந்தச் சரணத்தின் பொருள் எளிமையானது. கொடுத்ததற்கு நன்றி, எடுத்துக்கொண்டதற்கும் நன்றி, எடுத்தபோது கொஞ்சம் மிச்சம் வைத்ததற்கு நன்றி. படிக்கும்போதெல்லாம் அவள் மூன்றாவது வரியில் கொஞ்சம் நின்றுபோவாள். இன்று நிற்க நேரமில்லை. ஒவ்வொரு படியாக மேலே போனாள். கீழே லிஃப்டின் குரல் ஆடாமல் அசையாமல் இருந்தது. உச்ச சுரத்துக்கு முந்தின சுரத்தில், ஒரு பழைய பயம் வந்து நின்றது. அவள் அதையும் சேர்த்துக்கொண்டு ஏறினாள்.

வந்தது. முன்பு வந்தமாதிரி இல்லை. முன்பு அது பளீரென்று வரும்; இப்போது மெலிந்து, ஓரத்தில் லேசான கரகரப்போடு வந்தது. ஆனால் காற்றில்லை. குரல். கல் சுவர் அதை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பிக் கொடுத்தது.

இன்னும் மயிரிழை மிச்சம் இருந்தது. அதை லிஃப்டால் இறக்க முடியாது. கடைசி வரியில் ரீங்காரமும் நின்றுவிடும், அவள் ஒருத்திதான். மாதக்கணக்காகப் பழகிய சரியான சுருதி கவையில் இல்லாவிட்டாலும் அவள் தொண்டையில் இருந்தது. கடைசி வரியின் இறக்கத்தில், கையைத் துழாவி விளக்கின் விசையைத் தொடுவதுபோல, அந்த இடத்தைத் தொட்டு நின்றாள். வயோல் பெரியவர் வில்லைத் தந்தியில் வைத்தார். வைத்தது தெரியவே இல்லை. அவள் குரலுக்கு அடியில் திடீரென்று மரமும் குடல் தந்தியும் இருந்தன, அவ்வளவுதான். உரசல் இல்லை.

அதற்குப் பிறகு கச்சேரி நல்லபடியாக முடிந்தது. கைதட்டல் நின்றபாடில்லை.

ஒப்பனை அறையில் பாடகி கவையை எடுத்து மேசையில் வைத்தாள்.

“தப்பான ஃபோர்க். என் தப்பு” என்றாள்.

“எங்களுக்குத் தெரியாதாம்மா?” என்றார் வயோல் பெரியவர். “முதல் வரியில எனக்கு உயிரே போயிடுச்சு. இவங்க நம்ம வீட்டுக்கு வராங்களா, பக்கத்து வீட்டுக்குப் போறாங்களான்னு பாத்துட்டே இருந்தேன். வந்து சேந்தீங்க. அது போதும்.”

“ஏன் மாஸ்டர் நிறுத்தல?”

மாஸ்டர் கைக்குட்டையால் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “நிறுத்தலாம்னு கை போகத்தான் போச்சு. நிறுத்தினா எல்லாரும் உங்க கையில இருக்கிற ஃபோர்க்கத்தான் பாத்திருப்பாங்க. திரும்பி வந்த முதல் நாள் அது வேண்டாம்னு தோணிச்சு.” லிஃப்ட் பக்கம் திரும்பினார். “அதோட, இறங்கறதுன்னா நம்மகிட்ட ஆள் இருக்கே.”

“இத்தனை வருஷம் திட்டினதுக்கு இன்னிக்காவது ஒரு வேலை குடுத்தீங்களே!” என்றார் லிஃப்ட். அறையே வெடித்துச் சிரித்தது. இளம் சொப்ரானோ சிரித்துச் சிரித்து, கண்ணில் தீட்டிய மை கன்னத்துக்கு வந்துவிட்டது.

லிஃப்ட் தன் பையைத் துழாவி, மின்கம்பியில் சுற்றும் சிவப்பு டேப் ஒன்றை எடுத்தார். பழைய சுருதிக் கவை எது என்று ஆர்கன்காரியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, காம்பில் இறுக்கமாகச் சுற்றினார். மாஸ்டரைப் பார்த்தார்.

“தெரிஞ்சா தெரியட்டும்” என்றார் மாஸ்டர்.

பாடகி லிஃப்டுக்கு நன்றி சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு மச்சான் உள்ளே வந்துவிட்டார். பாட்டுக் கேட்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற தோரணை அவர் நடையிலேயே இருந்தது. நேராக வந்து லிஃப்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“மாப்ள! நானும் காதைத் தீட்டிட்டுத்தான் உக்காந்திருந்தேன். இன்னிக்கு இறங்கவே இல்லையே! ஆணி அடிச்ச மாதிரி நின்னீங்களே! என் தங்கச்சிகிட்ட நானே சொல்றேன்.”

டெனர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாடகிக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தது. இந்த மனிதர் வாழ்க்கையிலேயே அதிகமாக இறங்கியது இன்றைக்குத்தான். அப்படி இறங்கியதால்தான் நான் இங்கே நின்றுகொண்டிருக்கிறேன் என்று. லிஃப்ட் அவளைப் பார்த்து மெல்லக் கண்ணைச் சிமிட்டினார். வேண்டாம்.

“எல்லாம் பழக்கம்தான் மச்சான்” என்றார் மச்சானிடம், அடக்கமாக.

“இவர் நின்ன இடத்துலதான் சார் இன்னிக்கு நான் நின்னேன்” என்றாள் பாடகி. அதில் பொய் ஏதும் இல்லை.

வெளியே அகலமான கல் படிகளில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கணவர் அவளுடைய மேல்கோட்டையும், அவள் வீட்டிலேயே மறந்துவிட்டுப்போன வெந்நீர்க் குடுவையையும் வைத்துக்கொண்டு நின்றார். அவர் இசை அறிந்தவரில்லை. முகத்தை மட்டும் பார்த்தார்.

“என்ன, வீட்டோட இருக்கப் போறியா?”

“முடியாது போலிருக்கு. வியாழக்கிழமை ஒத்திகை வெச்சிருக்காங்க.”

லிஃப்ட் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். மச்சான் முன்னால் போய் யாரிடமோ மாப்பிள்ளையின் பெருமையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட் அவள் அருகில் நின்று, குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு கவலைங்க. குழிக்குள்ள நின்னு நின்னு மாசக்கணக்காப் பழகினது. ஒரே பாட்டுல கெடுத்துட்டேன். வியாழக்கிழமை மறுபடி பழையபடி இறங்கிட்டா?”

“இறங்குங்க” என்றாள் அவள். “கூட நானும் வரேன்.”